பேச்சு குறைவு, வேலையும் தனி அறையும் வேண்டும் – ராமநாதபுரம் பக்கம் என்ன வழி?

கேள்வி – உச்சிப்புளிக்காரன்

எனக்கு 23 வயது. பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலோரக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார்.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேச்சு குறைவு. மனிதர்களைப் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்தால் நன்றாகவே பேசுவேன். கூட்டம் என்றால் வாய் அடைத்துவிடும். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் தனியாக இருந்தால்தான் தெளியும்.

படிப்பு முடிந்ததும் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். வாசலில் நின்று "வாங்கண்ணே, வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட வேண்டும். "சத்தமே வரலையே, சாப்பிடலையா?" என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்பார். தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் நின்றுவிட்டேன். அப்புறம் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. அதுவும் ஒத்துவரவில்லை.

வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு அறை. அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். யார் வந்தாலும் முதல் கேள்வி "தம்பி என்ன பண்றான்?" என்பதுதான். போன வாரம் அத்தை அம்மாவிடம், "பிள்ளை யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறான், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ராத்திரி தங்க வச்சுப் பாரு" என்று சொன்னார். மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகிற இடம் அது. அம்மா அன்றைக்கு முழுக்க அழுதார். அப்பா திட்டுவதே இல்லை. "கடலுக்கு வேணாம்யா, படிச்ச படிப்புக்கு ஏதாவது பாரு" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கணக்கு வரும். டேலி படித்திருக்கிறேன், எக்ஸல் நன்றாகவே தெரியும். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேச வேண்டாத வேலை ஒன்று வேண்டும். என் சம்பளத்தில் ஒரு அறை எடுத்து இருக்க வேண்டும். சென்னை, திருப்பூர் போகலாம், ஆனால் அப்பாவுக்கு வயதாகிறது, கூப்பிட்ட தூரத்தில் இருந்தால் நல்லது. குணத்தை மாற்றிக்கொள் என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதைத் தினமும் கேட்கிறேன்.

பதில் – சாயல்குடி

எங்கள் ஊரில் உன் வயதுப் பையன்களுக்குச் சொல்கிற ஒரே வழி சவுதி, துபாய். நானும் இருந்துவிட்டு வந்தவன். ஸ்டோரில் கணக்கு எழுதுகிற வேலை நல்ல வேலைதான், பேச்சும் குறைவு. ஆனால் நான் இருந்த கேம்பில் ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில் போட்டு ஆறு பேர். காலையில் குளியலறைக்கு வரிசை. தனி அறைதான் வேண்டும் என்கிற உனக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் இங்கேயே பார்.

பதில் – தங்கச்சிமடம் கணக்கர்

தம்பி, ராமேஸ்வரம் துறைமுகத்தில் இறால், நண்டு, கணவாய் எடுக்கிற ஒரு வியாபாரியிடம் நான் கணக்கு எழுதுகிறேன். நானும் உன் மாதிரி ஆள்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவேன்.

பேசாத வேலை என்று தேடாதே. அப்படித் தேடினால் ராத்திரிக் காவலுக்குத்தான் போய் நிற்பாய். கையில் ஒரு தாளோ பொருளோ இருக்க வேண்டும், அதைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று இருக்க வேண்டும். அந்த மாதிரி வேலையைத் தேடு. ஜவுளிக்கடை வாசலில் சொல்ல விஷயமே இல்லாமல் பேச வேண்டியிருந்தது, அதுதான் உன்னை வாட்டியிருக்கிறது. விஷயம் இருக்கும்போது நமக்குப் பேச்சு தானாக வரும். உன் கேள்வியையே பார், எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய்.

எங்கள் இடத்தைச் சொல்கிறேன். திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் நாள். மறுநாள் காலையில் கரைக்கு வரும். அந்த நேரத்தில் காதைப் பிளக்கிற சத்தம். இறாலைத் தரம் பிரித்துக் கூடை கூடையாக எடை வைப்பார்கள். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் பெரிய இறால், விலை கூடும். 60 கவுண்ட் என்றால் சின்னது, விலை இறங்கும். எடை போடுகிறவர் கத்திச் சொல்லச் சொல்ல, படகு எண், கவுண்ட், எடை மூன்றையும் கார்பன் தாள் வைத்த சீட்டில் எழுதுவேன். மேல் தாள் படகுக்காரருக்கு, அடித்தாள் எனக்கு. தகராறும் வரும். "35 கிலோ நின்னுச்சு, நீ 32ன்னு எழுதியிருக்க" என்பார். நான் வாதாடுவதில்லை. கூடையை மறுபடி தராசில் வைக்கச் சொல்வேன், நின்ற எடையை அவர் கண்ணெதிரே எழுதுவேன். இப்போது என் கைச்சீட்டு என்றால் பலர் பார்க்காமலே மடித்துப் பையில் வைக்கிறார்கள். சத்தம் போட்டுப் பேசியிருந்தால் அந்த நம்பிக்கை கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு மேல் நானும் கணினியும்தான். படகு வாரியாக முன்பணம், டீசல், ஐஸ் எல்லாம் கழித்து நிலுவை போட வேண்டும். சாயங்காலம் வரை நாலைந்து போன் வரும், எல்லாம் "எனக்கு எவ்வளவு நிக்குது?" என்ற ஒரே கேள்வி. கணக்கைப் பார்த்துத் தொகையைச் சொன்னால் முடிந்தது.

இந்தத் தொழிலில் சேரும் முன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. அந்த மாதங்களில் முழுச் சம்பளம் தருகிறவர்களும் உண்டு, பாதி தருகிறவர்களும் உண்டு, "ஜூனில் வாப்பா" என்று அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. முதல் நாளே கேட்டுவிடு. கேட்கக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேள், அது பிற்பாடு சாட்சியாகவும் இருக்கும். தனி அறை எடுத்தவனுக்கு மே மாதமும் வாடகை உண்டு.

கடல் வாடையே வேண்டாம் என்றால் ராமநாதபுரத்தில் ஆடிட்டர் ஆபீஸ்களைப் பார். முண்டு மிளகாய் வியாபாரி, ஐஸ் கம்பெனி, ஹார்டுவேர் கடை என்று பலருடைய ஜிஎஸ்டி கணக்கும் அங்கேதான் வந்து விழுகிறது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு. அந்த இரண்டு தேதிகளை ஒட்டி ராத்திரி வரை உட்கார வேண்டியிருக்கும், மற்ற நாளில் தலை குனிந்து பில் ஏற்றுகிற வேலைதான். ஆரம்பச் சம்பளம் குறைச்சல், மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஜிஎஸ்டி கையில் வந்துவிட்டால் சின்னக் கடைக்காரர்கள் மாதக் கணக்கு எழுதித் தரச் சொல்லித் தேடி வருவார்கள். எனக்கு அப்படி மூன்று கடை இருக்கிறது. வாடகை அதிலேயே போய்விடுகிறது.

வேலை கேட்கக் காலையில் போகாதே, எல்லாரும் பரபரப்பாக இருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் போ. பயோடேட்டாவோடு நீயே போட்ட கணக்கு ஒன்றை அச்செடுத்துக் கொண்டுபோ. உன் அப்பாவின் படகுக் கணக்கையே எடுத்துக்கொள். டீசல், ஐஸ், வலைச் செலவு போக மீதி எவ்வளவு, படகுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு என்று ஒரு மாதத்துக்கு எக்ஸலில் போடு. "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்று கேட்கிற நேரத்தில் அந்தத் தாளை மேஜையில் வை. எங்கள் முதலாளி மாதிரி ஆட்களுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றாது.

பதில் – பரமக்குடி தட்டச்சர்

அரசு வேலை பற்றி யாரும் சொல்லவில்லையே. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் தமிழை முதலில் பிடியுங்கள்.

தட்டச்சும் சேர்ந்துகொள்ளுங்கள். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தால் தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். தட்டச்சு வகுப்பு உங்களுக்குப் பிடிக்கும். ஒரு மணி நேரம் இயந்திரச் சத்தம் மட்டும்தான், யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். ராமநாதபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு, விசாரியுங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். அறிவிப்பு, தேர்வு, முடிவு, கலந்தாய்வு என்று காலம் இழுக்கும். ஒரு வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் மனதுக்கு நல்லது.

பதில் – கீழக்கரை லேப் அக்கா

தம்பி, ராமநாதபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், கேணிக்கரைப் பக்கம் தனியாகத்தான் இருக்கிறேன்.

முதலில் ஏர்வாடி விஷயம். எங்கள் வீட்டிலும் தர்காவுக்குப் போகிறவர்கள்தான். துஆ (பிரார்த்தனை) கேட்கப் போவது வேறு. அமைதியான பிள்ளையை நோயாளி என்று முடிவு கட்டிக் கூட்டிப் போவது வேறு. உங்கள் அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து தனியாக இருந்தால் தெளிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது குணம். கடைக்குப் போவதை நினைத்தாலே நெஞ்சு படபடத்து, முந்தின ராத்திரி தூக்கமே போய், வெளியே கிளம்பவே முடியாமல் இருந்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதிலும் ஒரு குறைச்சலும் இல்லை.

இனி அறை. "பேச்சிலருக்குத் தர மாட்டோம்" என்பதைத்தான் முதலில் கேட்பீர்கள். முகவரிடம் போகாமல், வேலை பார்க்கிற இடத்தில் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தவர் ஒருவர் "நல்ல பையன், சத்தமே இருக்காது" என்று சொன்னால் உங்கள் குணமே சிபாரிசு. மாடியில் தனி வாசல் உள்ள ஒற்றை அறை பாருங்கள். கீழ்வீட்டுக் கூடம் வழியாகப் போய்வர வேண்டிய அறை எடுத்தால், தினமும் "எங்க போற, எப்ப வருவ" என்று பதில் சொல்லியே அலுத்துவிடுவீர்கள்.

தண்ணீரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் குழாயைத் திறந்தால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, பிடித்து வைக்கத் தொட்டி இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேன் வாங்கியே குடிப்பது என்றால் அதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் பத்து மாதம் என்பார்கள். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், பேசிக் குறைக்க அது உதவும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் "நான் தனியாகப் போகிறேன்" என்று அறிவித்தால் அம்மா தாங்க மாட்டார். வேலை முடிய நேரமாகிறது, வார நாளில் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள். எனக்கும் அம்மாவுக்கும் இருந்த பேச்சுவார்த்தை நான் தனியாக வந்த பிறகுதான் நன்றாக ஆனது.

மறுமொழி – உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, படபடப்பு எனக்கு இல்லை, அலுப்புதான். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தையிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

அண்ணே, அப்பாவிடம் கணக்கு கேட்டேன். முதலில் எதற்கு என்றார். அப்புறம் பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் அவர் குறித்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து போட்டோம். வலைக்கு இவ்வளவு போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் இடத்தை ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

பதில் – தங்கச்சிமடம் கணக்கர்

ஞாயிறு காலை வா. சனிக்கிழமை போன படகு அன்றைக்குத்தான் வரும். விடிவதற்குள் துறைமுகத்தில் இருக்கிற மாதிரி கிளம்பு, முடியாவிட்டால் சனி ராத்திரியே எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள். ரப்பர் செருப்பு போட்டு வா, தரை முழுக்க ஐஸ் தண்ணீர், வழுக்கும். அப்பாவின் கணக்கையும் எடுத்து வா, முதலாளி பத்தரைக்கு வருவார். எடை போடும்போது படகு எண்ணை மட்டும் நீ எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.