குறை உலோகத் திரள்களின் ராட்சத நட்சத்திரங்கள்: ஏன் புற ஊதா?

நெய்தல்:
யுலிசஸ் (ULLYSES) என்ற புற ஊதா நிறமாலைத் திட்டத்துக்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் நேரத்தில் கிட்டத்தட்ட 1000 பூமிச் சுற்றுகள் கொடுத்தார்களாம், அதில் பாதி நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய, சின்ன மெகல்லன் மேகங்களிலும் செக்ஸ்டன்ஸ் ஏ போன்ற குறை உலோகத் திரள்களிலும் (கேலக்ஸிகளிலும்) உள்ள பெரிய நட்சத்திரங்களுக்கு. சிலியில் 8 மீட்டர் விஎல்டி தொலைநோக்கி இருக்கும்போது ஹப்பிளின் 2.4 மீட்டர் கண்ணாடி எதற்கு? உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமங்களும்) குறைந்தால் நிறமாலைக் கோடும் மங்கிவிடுமே, அப்புறம் எதைப் பார்ப்பது?

கார்த்திகைமீன்:
8 மீட்டர் என்ன, 30 மீட்டர் கட்டினாலும் வளிமண்டலத்தைத் தாண்டி அந்தப் புற ஊதா ஒளி கீழே வராது. ஓ வகை (மிகச் சூடான, கனமான) நட்சத்திரங்களின் காற்றை, அதாவது அவற்றிலிருந்து வெளியே பாயும் வாயுவைக் காட்டும் முக்கியக் கோடுகள், அதாவது கார்பன் 1550, நைட்ரஜன் 1240, சிலிக்கான் 1400 ஆங்ஸ்ட்ராம் (ஒளி அலைநீள அலகு), எல்லாம் புற ஊதாவில்தான் இருக்கின்றன. நட்சத்திர ஒளி இரும்பு, கார்பன் அயனிகளைத் தள்ளுவதால்தான் இந்தக் காற்றே வீசுகிறது, ஆகவே உலோகம் குறைந்தால் காற்றும் தளரும். தளர்ந்த காற்றை தரையிலிருந்து ஹைட்ரஜன் ஆல்பா என்ற கண்ணுறு ஒளிக் கோட்டில் தேடினால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்த ஒளிர்வு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. கார்பன் 1550-இல் மட்டும் அப்போதும் தடயம் இருக்கும். கோடு மங்குவதுதான் அங்கே அளவீடே.

கல்லணை:
சரி, ஆனால் புற ஊதா மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். வெப்பநிலைக்கும் மேற்பரப்பு ஈர்ப்புக்கும் கண்ணுறு ஒளிக் கோடுகளைத்தான் பெரிதும் நம்புகிறார்கள், அதே நட்சத்திரங்களை விஎல்டியின் எக்ஸ்-ஷூட்டர் நிறமாலைமானியிலும் எடுத்தது அதற்காகத்தான். காற்று பலமாக இருந்தால் கார்பன் கோடு முழுக்க இருண்டு நிறைவுற்றுவிடும், அதற்கு மேல் ஆழமாகாது; வேகம் கிடைக்கும், எவ்வளவு பொருள் போகிறது என்பது கிடைக்காது.

நெய்தல்:
நன்றி. இதனால் என்ன தெரிய வரும்? நம் இந்திய விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டில் செய்ய முடியாதா?

கார்த்திகைமீன்:
காற்றில் குறைவாக இழந்தால் சாகும்போது கனம் மிஞ்சும். 2015-இல் லைகோ ஈர்ப்பலை ஆய்வகம் பிடித்த கருந்துளைகள் சூரியனைப்போல் சுமார் 36, 29 மடங்கு கனம், கையா விண்கலம் கண்ட கையா பிஎச்3 கருந்துளை சுமார் 33 மடங்கு, அதன் துணை நட்சத்திரத்திலும் உலோகம் மிகக் குறைவு. அப்புறம் ஜேம்ஸ் வெப் பார்க்கும் ஆதித் திரள்களிலிருந்து வரும் அகச்சிவப்பு, புறப்படும்போது புற ஊதாதான். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீளும் அளவு) 9 என்றால், அலைநீளம் பத்து மடங்காகி ஹீலியத்தின் 1640 ஆங்ஸ்ட்ராம் கோடு 1.64 மைக்ரானில் வந்து சேரும். கூட்டமாய் வரும் அந்த ஒளியைப் பிரித்துப் படிக்க தனித்தனி நட்சத்திரங்களின் நிறமாலை கையில் இருக்க வேண்டும். சின்ன மேகத்தில் சூரியனின் ஐந்தில் ஒரு பங்கு உலோகம், செக்ஸ்டன்ஸ் ஏ-வில் பத்தில் ஒன்று அளவில். ஆனால் அது 40 லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால், ஹப்பிளே திணறுகிறது.

கல்லணை:
அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி யூவிஐடி படமெடுப்பதில் கெட்டி, சூடான நட்சத்திரங்களைப் பொறுக்கி எடுக்க நல்லது, ஆனால் அதன் நிறமாலைப் பிரிதிறன் இதற்குப் பற்றாது. ஹப்பிள் தரவுகளை வைத்திருக்கும் மாஸ்ட் (MAST) இணையக் காப்பகத்தில் யுலிசஸ் தரவு இலவசம். ஒரே வகை நட்சத்திரம் ஒன்றைப் பெரிய மேகத்திலும் ஒன்றைச் சின்ன மேகத்திலும் எடுத்து 1550 பக்கம் வரைந்து பாருங்கள். கூரான மெல்லிய கோடுகள் வந்தால் அவை நட்சத்திரத்தின் காற்று அல்ல, வழியில் உள்ள வாயு.