புதுப்பிப்பு: வியாழன் ஆட்டக்காரரை ஃபிளெக்ஸில் வைக்கலாமா?

பதில் சொன்னவர்களுக்கு நன்றி. என்எஃப்எல் ஃபேன்டசியில் (அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டத்தால் புள்ளி சேர்க்கும் விளையாட்டு), வியாழன் இரவே ஆடிவிடும் வைட் ரிசீவரை (பந்தைப் பிடிப்பவர்) அவருக்கான ரிசீவர் இடம், பல வகை ஆட்டக்காரர்களுக்கும் பொதுவான ஃபிளெக்ஸ் இடம் இரண்டில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டிருந்தேன். "ரிசீவர் இடத்திலேயே போடுங்கள், ஃபிளெக்ஸைக் கடைசி ஆட்டங்களுக்கு விடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

ஞாயிறு ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும் ஆடாதோர் பட்டியலில், ஃபிளெக்ஸில் வைத்திருந்த ரிசீவரின் பெயர். பெஞ்சில் வேறு ரிசீவரும் இல்லை. ஃபிளெக்ஸில் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர், டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) யாரும் நிற்கலாம் என்பதால், திங்கள் இரவு ஆடும் ரன்னிங் பேக்கை ஏற்றிவிட்டேன். வியாழன்காரர், ஆட்டம் தொடங்கியபின் மாற்ற முடியாதபடி ஃபிளெக்ஸில் பூட்டிக் கிடந்திருந்தால், ஆடாத ரிசீவர் ரிசீவர் இடத்தில் இருந்திருப்பார்; அங்கே ரன்னிங் பேக்கைப் போட முடியாது, ரிசீவர் இடம் காலிதான்.

எதிர்பாராதது: என் இன்னொரு லீக்கில் வாரத்தின் முதல் ஆட்டத்தோடு மொத்த வரிசையும் பூட்டிவிடுகிறது. அங்கே இது பலிக்காது. லீக் அமைப்புகளில் அதை முதலில் பாருங்கள். அந்த வாரம் தோற்றேன், அது எதிராளியின் கிக்கர் புண்ணியம்.