பெரிய 4 வீல் டிரைவ், ஃபேமிலிக்கு ஒத்து வருமா? திரும்பும்போது கடகடங்குது, கொஞ்சம் அவசரம்

பழையகார்_புதுஅப்பா:
வணக்கம் மக்களே. ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி பாத்திருக்கோம், பெரிய 4 வீல் டிரைவ், 7 சீட்டர். நாளைக்குள்ள சொல்லுங்கன்னு விக்கிறவர் ஒத்தக் கால்ல நிக்கிறார். நேர் ரோட்ல சுகமா போகுது, ஆனா பார்க்கிங்ல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுத் திருப்பினா கடக் கடக்னு இழுக்குது, யாரோ பிரேக்க புடிச்சிட்டு இருக்கிற மாதிரி நின்னு நின்னு நகருது. கேட்டா "பெரிய வண்டின்னா அப்படித்தான் சார்"ங்கிறார். வீட்ல பசங்க, அப்பா அம்மா எல்லாரும் ஒண்ணா இருக்கோம். வாங்கலாமா வேணாமா?

டார்க்_தாத்தா:
என்ன மாடல், எந்த வருஷம், டீசலா பெட்ரோலா, பசங்களுக்கு என்ன வயசு, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்? எதையுமே சொல்லாம வாங்கலாமான்னா என்னத்த சொல்றது தம்பி.

கிரீஸ்கை:
சிவி ஜாயின்ட் போச்சு, சக்கரத்த சுத்த வைக்கிற ஷாஃப்ட்ல இருக்கிற மூட்டு. கண்ண மூடிட்டு சொல்வேன். ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கும்போது சத்தம் வந்தா வேற எதுவும் இல்ல.

லேடர்ஃபிரேம்:
தேடிப் பாக்குற பழக்கம் யாருக்குமே கிடையாது, இதே கேள்விக்கு எத்தன தடவ பதில் எழுதுறது. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, ஓட்டிப் பாக்கும்போது 4 வீல் செலக்டர் எதுல இருந்துச்சு? இது கூட தெரியாம இந்த மாதிரி வண்டிய டெஸ்ட் டிரைவ் பண்ணவே கூடாது.

பழையகார்_புதுஅப்பா:
டீசல். கியர் பக்கத்துல ஒரு திருகு இருந்துச்சு, மீட்டர்ல 4னு ஒரு லைட்டும் எரிஞ்சுது. 4 வீல் வண்டி தானே, அதுல தானே இருக்கணும்? பசங்க ரெண்டு பேர்.

லேடர்ஃபிரேம்:
நெனச்சேன். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம். பார்ட் டைம் 4 வீல்ல, அதாவது வேணும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் மாத்திக்கிற வண்டில, முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது, ஃபோர் ஹைல, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலைல போட்டா முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்துல தான் சுத்தும். சேறு, மணல், பனின்னா டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்த சரிக்கட்டிரும், காய்ஞ்ச ரோட்ல வழுக்க வழியே இல்ல, அதான் முறுக்கிட்டு இழுக்குது. டூ ஹைல, அதாவது ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலைல போட்டு அதே இடத்துல திருப்பிப் பாருங்க. இதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, ஓட்டுறவங்களுக்கு விஷயம் தெரியல, அவ்வளவுதான்.

சேத்துப்பாதை:
எல்லா 4 வீலும் அப்படி இல்லயே. ரேஞ்ச் ரோவர் 1970லயே நடு டிஃபரன்ஷியலோட ஃபுல் டைம் 4 வீல்ல தான் வந்துச்சு. 1991 பஜேரோல சூப்பர் செலக்ட்ங்கிற 4 வீல் சிஸ்டம் வந்தப்புறம் காய்ஞ்ச ரோட்லயே 4 வீல்ல ஓட்டலாம்னு ஆயிருச்சு. மாடல் தெரியாம எப்படி தீர்ப்பு சொல்றீங்க?

லேடர்ஃபிரேம்:
கடகடன்னு இழுக்குதுன்னு அவரே சொல்றாரு. நடு டிஃப் இருந்தா எதுக்கு இழுக்கப் போகுது?

சேத்துப்பாதை:
நடு டிஃப்ப பூட்டுற டிஃப் லாக் போட்டு வெச்சிருந்தா இழுக்காதா? நாலு டயர்ல ஒண்ணு மட்டும் வேற சைஸா இருந்தாலும் ஃபுல் டைம் வண்டிக்கு ஆகாது. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறீங்க.

மூணாவது_வரிசை:
நீங்க ரெண்டு பேரும் ஷாஃப்ட வெச்சு சண்ட போடுங்க, அவர் கேட்டது ஃபேமிலிக்கு ஆகுமான்னு. 7 சீட்டர்னு நம்பி வாங்கி மாட்டிக்கிட்டவ நான். எங்க வண்டில நடு வரிசைல ரெண்டு ஓரத்துலயும் தான் ஐசோஃபிக்ஸ் கொக்கி, ரெண்டு சைல்ட் சீட்டையும் அங்க மாட்டினதும் மூணாவது வரிசைக்கு வழியே அடைஞ்சு போச்சு. சைல்ட் சீட் இருக்கிற சீட்ட மடக்க முடியாதுல்ல. மாமியார் டிக்கி வழியா ஏறிப் பின்னாடி உக்காரட்டும்னு சொல்ல முடியுமா? சரி நடு சீட்டுல உக்காரலாம்னா ரெண்டு சைல்ட் சீட்டுக்கு நடுவுல ஒரு பெரியவங்க இடுப்பு நுழையாது. மூணாவது வரிசைய தூக்கி வெச்சா டிக்கில ஸ்ட்ரோலர் போகாது, படுக்க வெச்சா அது 5 சீட்டர் தான். அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்க சைல்ட் சீட்ட கையோட கொண்டு போய் மாட்டிப் பாருங்க, அப்புறம் அப்பா அம்மாவ ஏறி இறங்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, வண்டி முன்னாடி பள்ளிக்கூட பேக்க தரைல வெச்சிட்டு டிரைவர் சீட்ல உக்காந்து பாருங்க, அது தெரியுற வரைக்கும் ஒருத்தர தள்ளித் தள்ளி வெக்கச் சொல்லுங்க. அந்தத் தூரத்துக்குள்ள ஒரு சின்னக் குழந்த நின்னா பானெட் மறைச்சிரும். பின்னாடி கேமரா இருக்கு, முன்னாடி எத்தன வண்டில இருக்கு?

டார்க்_தாத்தா:
அம்மா சொன்னது தான் சரி. ஆனா எடை இருக்குல்ல, மோதினா பெரிய வண்டி தான் தாங்கும்.

நடுரோட்டுநாயகி:
மோதினா தாங்கும் சரி, மோதாம நிறுத்தணும்ல? 4 வீல் டிரைவ் கெளம்பத்தான் உதவும், பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துல தான். ஈர ரோட்ல நிறுத்துறது டயர். உயரமான வண்டி கவுற வாய்ப்பும் ஜாஸ்தி, வண்டி நிலை தடுமாறாம புடிக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கா, ஜன்னல் பக்கம் விரியுற கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசை வரைக்கும் போகுதான்னு பாருங்க.

கிரீஸ்கை:
டீசல்னு இப்பத்தான் கவனிச்சேன். ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டப் போறீங்கன்னா வேணாம். டிபிஎஃப், அதாவது புகைக்கரிய புடிச்சு வெக்கிற ஃபில்டர் இருந்தா, அது அந்தக் கரிய எரிச்சுக்க கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேணும், பாதியில ஆஃப் பண்ணிட்டே இருந்தா அடைச்சுக்கும், எரிக்கிறதுக்கு ஊத்துன டீசல் இன்ஜின் ஆயில்ல எறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் கூடிட்டே போனா சந்தோஷப்படாதீங்க.

லேடர்ஃபிரேம்:
சிவி ஜாயின்ட் என்னாச்சு?

கிரீஸ்கை:
அதுவும் போயிருக்கலாம், யாரு கண்டா.

பழையகார்_புதுஅப்பா:
எல்லாருக்கும் நன்றி. டூ ஹைல போட்டா சத்தமே இல்ல, அல்வா மாதிரி திரும்புது. ஆனா அம்மாவால ஏற முடியல, முட்டி மடங்கல, ஸ்டூல் போட்டு ஏத்துனோம். சைல்ட் சீட் ரெண்டும் மாட்டினதும் அப்பாவுக்கு எடமில்ல. வீட்ல பேசிட்டு சொல்றேன்.

நடுரோட்டுநாயகி:
விக்கிறவர் இத்தன நாளா அத ஃபோர் ஹைலயே தான் ஓட்டிருக்காரா கேளுங்க. அப்படின்னா டயர் தேய்மானம், முன்னுக்கும் பின்னுக்கும் சக்திய பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸோட ஆயில் ரெண்டையும் ஒரு மெக்கானிக்க வெச்சுப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மூணாவது_வரிசை:
ஸ்லைடிங் கதவு வெச்ச எம்பிவி, அதான் வேன் மாதிரி ஃபேமிலி கார், ஒண்ணையும் போய்ப் பாருங்க ப்ரோ. தாழ்வா இருக்கும், கதவும் அடுத்த கார்ல இடிக்காது.

சேத்துப்பாதை:
எம்பிவி சேத்துல எறங்குமா?

மூணாவது_வரிசை:
அவர் சேத்துல எறங்கணும்னு எங்க சொன்னாரு??

டார்க்_தாத்தா:
அதத்தான் மொதல்லயே கேட்டிருக்கணும். தம்பி, நீங்க தார் ரோட்ட விட்டு எறங்குவீங்களா மாட்டீங்களா?