பிசிஆர் நெகட்டிவ், ஆனா இறால் வளரவே மாட்டேங்குது (கிள்ளை பக்கம்)

கிள்ளைக்காரன்:
வணக்கம். ரெண்டு குட்டைல வனாமி இறால் ஓடுது, 60 நாள் தாண்டிடுச்சு, இந்நேரம் 100 கவுண்ட் (கிலோவுக்கு 100 இறால்) வந்துருக்கணும். வலை வீசிப் பாத்தா ஒண்ணு விரல் தண்டி இருக்கு, பக்கத்துலயே ஒண்ணு போன வாரம் விட்ட குஞ்சாட்டம் கெடக்கு. சாவு பெருசா இல்ல, தீனியும் எடுக்குது, ஆனா செக் ட்ரேல (தீனி பாக்குற தட்டு) வெள்ளையா நூலு நூலா கழிவு, காத்தடிக்கிற மூலைல ஒதுங்கி மிதக்குது. லேப்ல பிசிஆர் (கிருமியோட டிஎன்ஏ தேடுற டெஸ்ட்) குடுத்தேன், ஈஹெச்பி, அதான் இறால வளரவிடாம பண்ற ஒட்டுண்ணிக் கிருமி, நெகட்டிவ்னு வந்துருச்சு. மருந்துக்கடை அண்ணன் மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு குடல்ல புழு இருக்கு, ஆன்டிபயாடிக் போடுங்கிறாரு. போடலாமா?

மீன்வளம்_எம்எஸ்சி:
அண்ணே முதல்ல ஒண்ணு சொல்லுங்க, லேப்ல இறாலோட எந்த பாகத்த எடுத்தாங்க?

கிள்ளைக்காரன்:
ஒரு பையன் வந்தான் தம்பி, வயித்துக்கு கீழ இருக்குற நீச்சல் கால மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டு போனான். ரெண்டு குட்டைக்கும் சேத்து அஞ்சு இறால்.

மீன்வளம்_எம்எஸ்சி:
அங்கதாண்ணே கோளாறு. நீச்சல் காலு, செவுளு எல்லாம் வொயிட் ஸ்பாட் (வெள்ளைப்புள்ளி) நோய்க்கு எடுக்குறது, அந்த வைரஸ் அங்க இருக்கும். ஈஹெச்பி குடியிருக்குறதே தலைக்குள்ள இருக்குற ஹெச்பில (கல்லீரல் மாதிரி செரிமான உறுப்பு), அந்த குழாய் செல்லுக்குள்ள. கால வெட்டி தேடுனா எப்படி கெடைக்கும்? அதோட அஞ்சு இறால் பத்தாது. குட்டைல நூத்துக்கு பத்துக்கு நோய் இருக்குன்னு வைங்க, அஞ்சு எடுத்தா அஞ்சுமே நல்லதா வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு, 30 எடுத்தாதான் நம்பலாம், அதுவும் ஒவ்வொரு குட்டைக்கும் தனித்தனியா.

புழு சமாச்சாரம்: வெள்ளக் கழிவு வர்ற இறாலோட ஹெச்பில புழு கணக்கா நெளிவா தெரியும், ஆனா நெறய நேரம் அது உயிரே கிடையாது. ஹெச்பி செல்லோட மேல்பக்க இழை உதிர்ந்து திரண்டு அப்படி சுருண்டு கெடக்கும், 2014ல தாய்லாந்துக்காரங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்து எழுதுனாங்க. நெஜ ஈஹெச்பி ஸ்போர் (அந்த கிருமியோட விதை மாதிரி) ஒரு மைக்ரான் சொச்சம்தான், கடை மைக்ராஸ்கோப்ல சும்மா பாத்தா சிக்காது.

ஆன்டிபயாடிக் வேணவே வேணாம். ஈஹெச்பி பாக்டீரியா இல்ல, பூஞ்சைக்கு சொந்தம், அதுக்கு இது கேக்காது. எக்ஸ்போர்ட் டெஸ்ட்ல குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் துளி தெரிஞ்சாலும் மொத்த சரக்கும் போச்சு.

கடலூர்_ஏரியேட்டர்:
நெகட்டிவோ பாசிட்டிவோ தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, அதுக்குத்தான் உறுதியான மருந்தே இல்லியே, டெஸ்டுக்கு குடுக்குற காசுக்கு ரெண்டு மூட்ட தீனி வாங்கலாம்.

மீன்வளம்_எம்எஸ்சி:
தீனிதான் ப்ரோ பிரச்சனையே. வளராத இறாலுக்கு இன்னும் ஒரு மாசம் கொட்டுறதா, இல்ல கெடைச்ச கவுண்ட்ல பிடிச்சுடுறதான்னு ரிசல்ட் இருந்தாதான் முடிவெடுக்க முடியும். அடுத்த பட்டத்துக்கும் அது வேணும், ஸ்போர் மண்ணுல கெடக்கும். பாசிட்டிவ்னா குட்டைய காயவிட்டு, சுட்ட சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 6 டன், ஏக்கருக்கு ரெண்டரை டன் கிட்ட, அர அடிக்கு கொஞ்சம் கம்மியா உழுது கலந்து ஈரம் பண்ணணும், மண்ணு பிஹெச் 12 தொடணும். சும்மா ரெண்டு மூட்ட தூவுறதெல்லாம் சாமிக்கு விபூதி போடுறதுதான்.

பாண்டி_அக்வா:
தம்பி சொல்றது சரி, ஒண்ணு சேத்துக்குறேன். லேப்ல எந்த ஜீன வச்சு பாக்குறாங்கன்னு கேளுங்க. பழைய முறைல அதே ஜாதி வேற நுண்ணுயிர் இருந்தாலும் பாசிட்டிவ் காட்டிடும், 2016ல வந்த ஸ்போர் வால் புரோட்டீன் (ஸ்போரோட சுவர்ப் புரதம்) ஜீன் முறைல அந்த குழப்பம் கம்மி. சாம்பிள ஃபார்மலின்ல போடாதீங்க, டிஎன்ஏ கெட்டுடும், 95 சதவீதம் ஆல்கஹால்தான். பாண்டிக்கு வந்து ஒரு குவார்ட்டர் வாங்கி அதுல போட்டு அனுப்பலாம்னு பாக்காதீங்க 😄 அதுல 42.8 தான் இருக்கும், மீதி தண்ணி. செத்தது வேணாம், உசுரோட இருக்குற சோர்ந்ததா பாத்து எடுங்க.

கிள்ளைக்காரன்:
சரிண்ணே. ஆல்கஹால் நம்ம கைக்கு கெடைக்காது போல, ஐஸ்ல போட்டு அன்னிக்கே கொண்டுபோனா ஆகுமா?

பாண்டி_அக்வா:
பிசிஆருக்கு ஆகும். சென்னைல சிபா இருக்கு, உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், காலைல கெளம்புனா மதியத்துக்குள்ள போயிடலாம், முன்னாடியே போன் பண்ணிட்டு போங்க. ரெண்டு குட்டை சாம்பிளயும் ஒரே கவர்ல போட்டுடாதீங்க.