பூண்டும் பீட்ரூட்டும் 'இரு தரப்பும்'

நேட்டால் வாசகர்:
2000 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணம் என்று 5,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அப்போது கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அதன் பிறகும் அதை மறுப்பவர்களின் போலி அறிவியலுக்குச் செய்தித்தாளில் இடம் கிடைத்தது. 'நான் உண்மையை எழுதுபவன்', 'நான் பொய்யை அச்சேற்றினேன்' என்ற இரண்டும் ஒரே மனத்தில் சேர்ந்து இருக்க முடியாது. உள்ளே உறுத்தும். 1957-இல் உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் இதைத்தான் அறிவாற்றல் முரண் என்றார். அந்த உறுத்தலுக்குப் போடும் மருந்துதான் 'இரு தரப்பையும் சொன்னேன்' என்பது.

செய்தி மேசை:
அண்ணா, இருபது ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தவன் நான். எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பியவர் நாட்டின் அன்றைய அதிபர் எம்பெக்கி. எய்ட்ஸுக்குப் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னவர் அன்றைய சுகாதார அமைச்சர். அதைப் போடாமல் மறைப்பதா? நான் மருத்துவனும் அல்லன்.

ஃபீனிக்ஸ் செவிலி:
தம்பி, ஒரு பெண் என்னிடம் வந்தாள். முந்தானை முடிச்சில் நாலு பூண்டுப் பல், கையில் மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த ஒரு செய்தித் துண்டு. "ரெண்டு பேரும் பெரியவர்கள்தானே சிஸ்டர், யார் சொல்வதைக் கேட்பது?" என்றாள். என்னால் மறக்க முடியவில்லை.

செய்தி மேசை:
வலிக்கிறது அக்கா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நான் தவறை ஒப்புக்கொண்டால் குற்றவாளி; மறுத்தால் 'பார், முரண் பேசுகிறது' என்பீர்கள். எப்படிப் பேசினாலும் சிக்கவைக்கும் கோட்பாட்டை வைத்து எதை நிரூபிப்பது?

நேட்டால் வாசகர்:
நியாயமான கேள்வி. மனத்தை விடுவோம், அச்சான பக்கத்தைப் பார்ப்போம். அமைச்சர் சொன்னது செய்திதான். 'பூண்டு இந்தக் கிருமியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று அடுத்த வரியிலேயே எழுத மருத்துவப் பட்டம் வேண்டாமே! எச்.ஐ.வி. மருந்தை அரசு தராமல் தாமதித்ததால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். அத்தனையையும் பத்திரிகையின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி எங்கே போனது?

செய்தி மேசை:
இருந்தது அண்ணா, கடைசிப் பத்தியில். விளம்பரம் வந்து இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம். விஞ்ஞானியின் மறுப்புதான் முதலில் போகும். இரண்டாம் பத்திக்கு அதை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை, என் தவறுதான். ஆனால் அது மேசையின் பழக்கம். அதற்கு உளவியல் பெயர் வைப்பதை இப்போதும் நான் ஏற்கவில்லை.

ஃபீனிக்ஸ் செவிலி:
பெயர் எதுவானாலும் இருக்கட்டும் தம்பி. அவள் கொண்டுவந்த துண்டில் அந்தப் பத்தி இல்லை.