எஸ்எஃப்டிபி (கோப்புகளை மறைகுறியாக்கி அனுப்பும் முறை) வைத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், ஈப்போ என்று பிரிந்திருக்கிறார்கள். பர்மாக் காலத்துப் பேரேடுகள், பத்திரங்கள், வீட்டு வரைபடம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் போட்டிருந்தார்கள். கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதைப் பத்திரமாக மாற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

எஃப்டிபிக்கு அபய் பூஷண் முதல் வரையறை எழுதியது 1971-ல். அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் இருந்த கணினிகளே கொஞ்சம்தான். அதனால் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் போவது யாருக்கும் உறுத்தவில்லை. இன்றைக்கு அது பெரிய ஆபத்து. வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், வலையில் போவதைப் படித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை சர்வரில் ஓடவிட்டு, மூத்தவரை லாகின் செய்யச் சொன்னேன். அவர் தட்டிய பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து திரையில் வந்து நின்றது. “தம்பி, இதையேதானே பேங்குக்கும் வச்சிருக்கேன்” என்றார். அப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எஸ்எஃப்டிபி என்பது எஃப்டிபிக்குப் பூட்டுப் போட்டது அல்ல. அது எஸ்எஸ்எச்-சுக்குள் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் மறைகுறியாக்கிய வழி) ஓடும் தனி நெறிமுறை. பழையதற்கு 21-ஆம் போர்ட்டும் (சர்வரின் வாசல் எண்), அதோடு கோப்புகள் போக பாஸிவ் போர்ட்டுகள் ஒரு வரிசையும் ஃபயர்வாலில் திறந்து வைக்க வேண்டும். இதற்கு 22 மட்டும் போதும். உபுண்டு லினக்ஸ் சர்வர் என்றால் எஸ்எஸ்எச்-சைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

ஆளுக்கொரு கணக்கு, எல்லோரும் ஒரே குரூப்பில். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கின் கடைசியில் அந்த குரூப்புக்கு மட்டும் ஒரு ‘மேட்ச்’ பகுதி: அவரவர் ஃபோல்டருக்குள் அடைக்க சிஎச்ரூட், கட்டளை தட்டும் ஷெல் கிடைக்காமலிருக்க இன்டர்னல்-எஸ்எஃப்டிபி, சர்வர் வழியாக வேறெங்கும் போகும் போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது. மாற்றியதும் ‘எஸ்எஸ்எச்டி ஹைஃபன் டி’ போட்டு எழுத்துப்பிழை பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாக உள்ளே போக முடிகிறது என்று உறுதியாகும்வரை, ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்எச் விண்டோவை மூடாதீர்கள்.

எல்லோரையும் படுத்துகிற இடம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு சரியாக இருக்கும், உள்ளே போனதுமே இணைப்பு அறுந்துவிடும். கோப்பு அனுப்பும் செயலியான ஃபைல்சில்லா காரணம் சொல்லாது. சர்வரின் நுழைவுப் பதிவான ஆத் லாகைத் திறந்தால்தான், சிஎச்ரூட் ஃபோல்டரின் உரிமை சரியில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள ஒவ்வொன்றும் சர்வரின் தலைமைக் கணக்கான ரூட்டின் பெயரில் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் எழுதும் அனுமதி கூடாது. 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர் வாசிக்கலாம்) போதும். பயனர் எழுதுவதற்கு உள்ளே ஒரு ஃபோல்டர் தனியாக, அவர் பெயரில். “என் ஃபோல்டர் எனக்குச் சொந்தமில்லையா?” என்று இளையவர் கேட்டார். “நம் வீட்டில் வளவு (உள்முற்றம்) பொது, அறை மட்டும்தானே அந்தந்தப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு). இதுவும் அப்படித்தான் அண்ணே” என்றேன். புரிந்துகொண்டார்.

பேரேடுகள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டால் அடைப்புக்கு வெளியே போகாது. அதனால் பொது ஃபோல்டரை ஒவ்வொருவர் இடத்திலும் பைண்ட் மவுன்ட் (ஒரு ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் காட்டுவது) செய்தேன், வாசிக்க மட்டும். மூலப் பிரதியை யாரும் தவறியும் அழிக்க முடியாது. எனக்கு இந்த வேலையில் மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

பாஸ்வேர்டுகளை வாட்ஸ்அப் குரூப்பில் போடவில்லை. ஒவ்வொருவரையும் போனில் அழைத்துச் சொன்னேன். தவறான பாஸ்வேர்டை அடுத்தடுத்துப் போடுபவர்களைத் தடுக்கும் ஃபெயில்டூபேனும் போட்டாயிற்று. 22 திறந்திருந்தால் ‘ரூட்’, ‘அட்மின்’ என்று யார் யாரோ தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆத்தங்குடியிலிருந்து:

எங்கள் டைல் பட்டறைக்கு ஆர்க்கிடெக்டுகள் பெரிய டிராயிங் அனுப்புவார்கள். அவர்களில் ஒருவருடைய மென்பொருளுக்கு எஃப்டிபிதான் தெரியும் என்பதால் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரை வைத்து, மறைகுறியாக்கும் டிஎல்எஸ்-ஐக் கட்டாயமாக்கினோம். நீங்கள் சொன்ன உரிமைச் சிக்கல் இங்கும் உண்டு, ‘500 ஊப்ஸ்’ என்று வரும். எங்களை அதிகம் அலைக்கழித்தது 530, அதாவது லாகின் தவறு என்ற பிழை. பாஸ்வேர்டு சரிதான். பயனருக்கு ஷெல் வேண்டாமென்று நோலாகின் கொடுத்திருந்தோம், அது அனுமதித்த ஷெல்களைச் சொல்லும் இடிசி ஷெல்ஸ் பட்டியலில் இல்லை, அதனால் லாகினைச் சரிபார்க்கும் பாம் வாசலிலேயே தடுத்துவிட்டது. எஸ்எஃப்டிபி கணக்கில் நோலாகின் வைத்தால் இந்தத் தொல்லை வந்ததில்லை. முடிந்தவர்கள் நேராக அதற்கே போய்விடுங்கள்.

ஈப்போவிலிருந்து, சொந்த ஊர் தேவகோட்டை:

அமைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல்முறை இணையும்போது வின்எஸ்சிபி செயலி ஒரு நீண்ட கைரேகையைக் (சர்வரின் அடையாள எழுத்துவரிசை) காட்டி, இந்த சர்வரை நம்பலாமா என்று கேட்கும். வயதானவர்கள் படிக்காமலே ‘சரி’ அழுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சர்வரை வைத்துக்கொடுத்த தம்பி, சித்தப்பாவைப் போனில் பிடித்து அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கவைத்து, சர்வரில் இருந்ததோடு ஒப்பிட்ட பிறகுதான் அழுத்தச் சொன்னார். பாஸ்வேர்டு கொடுக்கும் அதே அழைப்பில் இதையும் முடித்துவிடலாம்.