கல்வெட்டு வேண்டாம், சோதனைக் குப்பி வாங்குவோம்

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் தண்ணீர், கழிப்பறை, சுகாதார வேலைகளை அங்குள்ள இளைஞர்கள் எடுத்துச் செய்யட்டும், ஊரை விட்டு வந்த நாம் பணம் அனுப்புவோம் என்ற பேச்சு வந்திருக்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் இப்படிச் சேரும் பணம் பெரும்பாலும் ஒரு தொட்டியாக மாறி, திறப்பு விழாக் கல்வெட்டோடு நின்றுவிடும். விழாவுக்கு நாற்காலி போடுவதுதான் பிள்ளைகளின் பங்கு என்றாகிவிடும். புதிதாகக் கட்டுவதைத் தள்ளிவைத்து, ஏற்கெனவே இருப்பதைச் சோதிப்பதையும் பழுது பார்ப்பதையும் அவர்கள் பொறுப்பில் விடலாம் என்பது என் கருத்து.

தெளிவாகத் தெரிகிற தண்ணீரிலும் கிருமி இருக்கும். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) கூடத் தென்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கான முதல்கட்டச் சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி போதும். தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக் கிருமி கலந்திருக்க வாய்ப்புள்ள தண்ணீர் கறுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் போன்ற வேதிப்பொருள்கள் எல்லாம் இதில் தெரியாது, அதற்கு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் போடும் குளோரின் விஷயத்திலும் இளைஞர்கள் நல்ல வேலை செய்ய முடியும். தொட்டியில் மருந்து போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதியிருக்கும். குழாயின் கடைசி வீட்டில் போய்ப் பார்த்தால் குளோரினே இருக்காது. போட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகும், கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், அதனால் மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வாரம் ஒருமுறை கடைசிக் குழாயில் அளந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டினால், மேலே கேள்வி கேட்க ஆள் தேவையில்லை. அந்தத் தாளே கேட்கும்.

அப்புறம் பழுது. கைப்பம்பு நின்று போவதற்குப் பல நேரம் தேய்ந்துபோன ஒரு வாஷர்தான் காரணம். ஸ்பானரும் உதிரிப் பாகமும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் இருந்தால் அன்றைக்கே ஓட வைத்துவிடலாம்.

கழிப்பறையில் என்ன குறை என்பதைப் பெண் பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள். கதவில் தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி: இவை இல்லாத கழிப்பறையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கைகழுவுதல் பற்றி ஊர்வலமும் சுவரொட்டியும் போதும் போதும் என்றாகிவிட்டது. கழிப்பறை வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கழிவுத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, ஆர்வக் கோளாறில் கூட. அங்கே தேங்கும் நச்சுக் காற்று ஆளை நொடியில் சாய்க்கும், காப்பாற்றக் குதிப்பவரையும் சேர்த்து.

இளைஞர் குழு நிலைக்காது என்று சிலர் சொல்வார்கள். படிப்புக்கும் வேலைக்கும் கிளம்பிவிடுவார்கள் என்பது உண்மைதான், நாமே கிளம்பி வந்தவர்கள்தானே. அதற்காக ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் போடுவோம். ஒருவர் மூத்தவர், ஒருவர் இன்னும் பள்ளியில் படிப்பவர். சேவை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காமல் சிறு ஊதியமும் கொடுப்போம்.

சரி, முதல் ஆண்டுக்குக் குப்பி, குளோரின் சோதனைப் பெட்டி, உதிரிப் பாகம், ஊதியம் இவற்றுக்கு மட்டும் பணம் ஒதுக்கலாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அளந்து முடித்தபின், எங்கே என்ன கட்ட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளே பட்டியல் போட்டுத் தரட்டும். சம்மதம் இல்லாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.